நாற்று நட்டவர் கேட்ட வசனம்

சென்ற கல்வியாண்டில் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நாடகமும் திரையும் பற்றிய தாளை நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திலிருந்து ஒரு காட்சியைத் திரையிட்டேன். எந்தக் காட்சி என்று சொல்லவேண்டியதில்லை. ஜாக்சன் துரைக்கு முன்னால் கட்டபொம்மன் நிற்கும் காட்சிதான். அந்த வசனத்தையும் இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களின் காதுக்குள் அது இந்நேரம் ஓடத் தொடங்கியிருக்கும்.

என் மாணவர்கள் பிறப்பதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வந்த படம். அவர்களில் முழுப்படத்தையும் பார்த்தவர் இரண்டே பேர். ஆனாலும் வசனம் தொடங்கியதும் பின்வரிசைப் பையன்களின் உதடுகள் அசைந்தன. சிவாஜி எங்கே மூச்சை நிறுத்துகிறார், எங்கே குரலை உயர்த்துகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவன் இல்லாத மீசையை முறுக்கினான். மாமன், மச்சான் என்ற சொற்கள் வந்தபோது வகுப்பே அதிர்ந்தது. மாணவிகளும் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியின் உதடும் அசையவில்லை. வசனம் அவர்களுக்கும் தெரியும், விசாரித்துப் பார்த்துவிட்டேன். தெரியும் என்பதற்கும் வாய்விட்டுச் சொல்லலாம் என்பதற்கும் நடுவே ஏதோ இருந்தது. அது என்னவென்று எனக்கு என் பதின்மூன்றாம் வயதிலேயே சொல்லப்பட்டிருந்தது.

எட்டாம் வகுப்பில் ஆண்டுவிழா மேடைக்கு இந்த வசனத்தைப் பேச ஆசைப்பட்டேன். குழாய் கட்டிய கல்யாண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் இசைத்தட்டில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகியிருந்தது. பயிற்சி கொடுத்த ஆசிரியை நல்லவர், என்மேல் பிரியம் உள்ளவர். "இது ஆம்பளப் பசங்க பேசறது. நீ கண்ணகி பேசு. உனக்கு நல்லா வரும்" என்றார். கண்ணகி பேசினேன். முதல் பரிசும் வாங்கினேன். கட்டபொம்மன் பேசிய பையனுக்கு இரண்டாம் பரிசு. அன்றைக்கு அது எனக்கு வெற்றியாகத்தான் தோன்றியது. ஆண்டுகள் கழித்தே அந்தப் பங்கீடு உறைத்தது. ஒரு சிறுமி மேடையேறி அரசனை எதிர்த்துக் கத்தலாம். ஆனால் கணவனுக்காகக் கத்தவேண்டும். வரி, விளைச்சல், மண் என்று கத்துவதற்கு வேறொரு தொண்டை வேண்டும். கண்ணகியின் சினம் பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட சினம் அது ஒன்றுதான் என்பதே இங்கே செய்தி.

வீட்டில் நான் கட்டபொம்மன் பேசிப் பழகியபோது கேட்டவர் அம்மாச்சி. திண்ணையில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். நடவும் களையெடுப்பும் அறுப்புமாக நாற்பது ஆண்டுகள் டெல்டாவின் சேற்றில் நின்ற கால்கள் அவருடையவை. நான் கையை வீசி, தொண்டை கிழியப் பேசி முடித்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். கேலிச் சிரிப்பு இல்லை, அடக்கமுடியாத சிரிப்பு.

"ஏன் புள்ள, அந்த ராசா என்னிக்குச் சேத்துல எறங்குனாரு?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் விடவில்லை.

"நட்டது நாங்க. களை எடுத்தது நாங்க. கஞ்சி தூக்கிட்டுப் போனதும் நாங்க. அவரு பேசுறாரு!"

பிறகு கொஞ்சம் நேரம் கழித்து, புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "மஞ்ச வேற. நான் மஞ்சப் பூசி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எனக்கு யாரு அரைச்சுத் தரணுமாம்?"

அம்மாச்சி இருபத்தைந்து வயதுக்குள் கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகளைக் கூலி நெல்லில் வளர்த்தவர். கட்டபொம்மன் படத்தை அவர் கீற்றுக் கொட்டகையில், தரை டிக்கெட்டில், தட்டிக்கு இந்தப்பக்கம் பெண்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "நீ கைதட்டினியா அம்மாச்சி?" என்று கேட்டேன்.

"தட்டுனேன். தட்டாம? அந்த ஆளு பேசுனா கல்லுகூடத் தட்டும்."

அவரே சிரிக்கிறார், அவரே கைதட்டியிருக்கிறார். சிவாஜியின் கட்டபொம்மனைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்த இரண்டும் சேர்ந்த ஒரு பார்வையாளரைக் கண்டதில்லை. கைதட்டியவர்கள் இருக்கிறார்கள், மிகைநடிப்பு என்று உதடு பிதுக்கியவர்கள் இருக்கிறார்கள். நாற்று நட்டவளின் சிரிப்பு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அந்த நடிப்பையும் அதற்கு எழுந்த கரவொலியையும் திரும்பப் பார்க்கும் முயற்சி.

*

முதலில் அந்தக் கரவொலியின் அளவைச் சொல்லிவிட வேண்டும். 1957இல் சேலத்தில் சிவாஜி நாடக மன்றம் கட்டபொம்மனை மேடையேற்றியது. நூறு மேடைகளைத் தாண்டிய பிறகும் கூட்டம் குறையாத நாடகம் அது. சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுத்து. பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1959இல் வண்ணத்தில் படமாக வந்தது. அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தருகே சிவாஜி தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலையும் வைத்தார். 2015இல் படம் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தது. இதற்கிடையே வசன இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள், பள்ளி மாறுவேடப் போட்டிகள். காகித மீசையும் அட்டைக் கத்தியுமாக ஒரு கட்டபொம்மன் இல்லாத ஆண்டுவிழா நம் ஊர்களில் அரிது. ஒரு நடிகர் ஒரு வரலாற்று மனிதருக்கு முகமும் குரலும் கொடுத்து, பிறகு அந்த மனிதரையே தன் முகமாக்கிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தமிழில் இல்லை.

அந்த மனிதருக்கும் ஒரு வரலாறு உண்டு. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் ஜாக்சனை இராமநாதபுரத்தில் சந்தித்தது 1798 செப்டம்பரில். கப்பப் பாக்கிதான் பேச்சு. சந்திப்பு கைகலப்பில் முடிந்து கிளார்க் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். ஓராண்டு கழித்து, 1799 அக்டோபர் 16இல், கயத்தாறில் தூக்கு. விசாரணையின்போது கட்டபொம்மன் அஞ்சாமலும் ஏளனமாகவும் நடந்துகொண்டதாக மேஜர் பானர்மேனே தன் அறிக்கையில் எழுதினார். கட்டபொம்மனின் நிமிர்வுக்கு முதல் பார்வையாளர் என்று அவரைச் சொல்லலாம். ஆகவே அந்த வீரம் சினிமாக்காரர்கள் செய்த பொய் அல்ல. ஆனால் அந்த வசனம் கிருஷ்ணசாமியுடையது, சந்திப்பின் பதிவு அல்ல. 1950களின் தமிழ்நாடு தனக்கு வேண்டிய பேச்சை 1798இன் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டது. கட்டபொம்மன் விடுதலை வீரரா, கொள்ளைக்காரரா என்று பின்னாளில் நூல்களிலேயே சண்டை நடந்தது. இரண்டு தரப்பும் ஒரு ஆணின் மானத்தை அளந்தன. அந்தச் சண்டையை இங்கே தொடர எனக்கு விருப்பமில்லை. நான் பார்க்க விரும்புவது வசனத்துக்குள் இருக்கும் வயலை.

*

அந்தப் பேச்சின் தொடக்கம் வானத்தையும் பூமியையும் பற்றியது. மழை வானத்தினுடையது, விளைச்சல் மண்ணினுடையது, இடையில் உனக்கு எதற்குக் கொடுக்கவேண்டும் என்பது வாதம். இங்கே வேலை செய்யும் மனிதர் யாரும் இல்லை. மழை பெய்கிறது, பயிர் விளைகிறது, அவ்வளவுதான். அடுத்து வருவது வேலைகளின் பட்டியல். ஏற்றம் இறைத்தல், நீர் பாய்ச்சுதல், நாற்று நடுதல், களை பறித்தல், உழவருக்குக் கஞ்சிக் கலயம் சுமத்தல், கடைசியாக மஞ்சள் அரைத்தல். ஒவ்வொன்றையும் சொல்லி நீ செய்தாயா என்று கேட்கிறார்.

முதல் இரண்டும் ஆண்கள் செய்யும் வேலைகள். அடுத்த மூன்றும் பெண்களுடையவை. எங்கள் ஊரில் நாற்றைப் பறித்து முடி கட்டிப்போடுவது ஆண்கள். நடுவது பெண்கள். குனிந்த முதுகு நிமிராமல் வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்து, காலை ஏழு மணிக்கு இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை நிற்கவேண்டும். நகக்கண்ணில் சேற்றுப்புண் வரும். களையெடுப்பு அதைவிடக் கடுமை. கஞ்சி சுமப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, துரையைப் பார்த்து வீசப்பட்ட கேள்விகளில் பாதிக்கு ஆம் என்று சொல்லக்கூடியவர்கள் அந்த அவையில் ஒருவரும் இல்லை. கேட்டவருக்கும் அந்தத் தகுதி இல்லை. அம்மாச்சி சிரித்தது இதற்குத்தான்.

பட்டியலின் கடைசியில்தான் பெண்கள் பெண்களாகத் தோன்றுகிறார்கள். அங்கே அவர்கள் நடவோ களையோ செய்யவில்லை. கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மஞ்சள் அரைத்துத் தரவேண்டியது உறவுக்காரனின் கடமை. நடவும் களையும் செய்த கைகள் யாருடையவை என்பது பட்டியலில் மறைந்து போகிறது. பெண் என்ற சொல் வரும்போது உழைப்பு போய் விளையாட்டு வந்துவிடுகிறது. தமிழின் மிகப் புகழ்பெற்ற உழைப்புப் பட்டியலில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் இது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், நமக்கு உறைக்கவில்லை. எனக்கும் உறைத்திருக்காது, திண்ணையில் ஒரு கிழவி சிரிக்காமல் இருந்திருந்தால்.

இலக்கணம் படித்தவள் என்பதால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. ஜாக்சனிடம் பேசும்போது கட்டபொம்மன் 'எங்கள்' என்கிறார். துரை வெளியே தள்ளப்படுகிறான், சரி. ஆனால் அந்த ஒரே சொல்லால் பாளையக்காரரும் உழவரும் ஒரே வயலில் இறங்கியவர்கள் ஆகிவிடுகிறார்கள். மதுரை நாயக்கர் காலப் பாளையப்பட்டு முறையில் பாளையக்காரர் வரி வாங்குகிறவர், கொடுக்கிறவர் அல்ல. வாங்கியதில் ஒரு பங்கை மேலே செலுத்துவது பற்றித்தான் துரையோடு தகராறு. வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் 'எங்கள்' என்று ஒன்றானதுதான் அந்த வசனத்தின் மந்திரம். அரங்கில் உட்கார்ந்திருந்த ஏழை உழவன் தன்னை அந்த 'எங்களில்' கண்டான். கைதட்டினான். அதில் பொய்யில்லை. வெள்ளைக்காரனும் ஜமீனும் கறந்த பரம்பரையின் பிள்ளை அவன்.

'எங்கள்' என்பதற்குப் பிறகு வரும் 'எம் குலப் பெண்கள்' வேறு வேலை செய்கிறது. பெண்கள் அந்த 'எங்கள்' என்பதன் பகுதி அல்லர். அதன் உடைமை. அதிலும் எந்தக் குலம்? வயலோரம் மஞ்சள் பூசி விளையாடும் குலப் பெண்களும் வயலுக்குள் நின்று நடும் பெண்களும் ஒருவரல்லர். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தெருவிலிருந்து நடவுக்குப் போன பெண்களை எந்தப் பண்ணையாரும் 'எம் குலம்' என்று சொன்னதில்லை. மஞ்சளும் சுமங்கலிக்கு உரியது. அம்மாச்சியைப்போல் கணவனை இழந்தவளுக்கு அது விலக்கப்பட்டது. சாதியாலும் கைம்மையாலும் இரண்டுமுறை வெளியே நிறுத்தப்பட்டவளின் உழைப்பு உள்ளே இருக்கிறது. அவள் வெளியே இருக்கிறாள்.

இதன் பிறகே அந்த உச்சம் வருகிறது. வரி கேட்க நீ என்ன மாமனா, மச்சானா என்ற கேள்வி. நம் உறவுமுறையில் மாமனும் மச்சானும் யார்? பெண் கேட்கும் உரிமை உள்ளவர்கள். பெண் கொடுத்து, பெண் எடுக்கும் வீட்டார். விளைச்சலில் பங்கு கேட்பதை நம் வீட்டுப் பெண்மேல் உரிமை கேட்பதோடு இந்த இடம் முடிச்சுப் போடுகிறது. அதுவரை வரியைப் பற்றிய நியாயமாக இருந்தது, ஒரு நொடியில் குடும்ப மானமாக மாறுகிறது. கொட்டகையும் வகுப்பறையும் அதிர்வது மிகச்சரியாக இங்கேதான். உழைக்காதவனுக்குப் பங்கில்லை என்ற வாதத்துக்கு எழாத விசில், எங்கள் பெண்களை நெருங்காதே என்ற தொனிக்கு எழுகிறது. என் மாணவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சு அவர்களை அந்த இடத்துக்கு இழுத்து வருகிறது. சிவாஜியின் குரல் படிப்படியாக ஏறி, கடைசிச் சொல்லில் வெடிக்கிறது. அந்த ஏற்றத்தில் யாரும் கைதட்டாமல் இருக்க முடியாது. கல்லாலும் முடியாது.

*

அந்தக் குரலைப் பற்றியும் பேசவேண்டும். சிவாஜி சிறுவனாக இருந்தபோது கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்தார். அதுதான் தன்னை நடிக்க இழுத்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டைவிட்டு பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதலில் கிடைத்தவை பெண் வேடங்கள். சீதையாக நடித்தார். அந்தக் கம்பெனிகளில் குரல் உடையாத பையன்கள் ஸ்திரீபார்ட் போடுவது வழக்கம். நடை, இடுப்பு, விரல், கடைக்கண், விசும்பல் எல்லாவற்றையும் அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

தமிழ்நாட்டு ஆண்மைக்கு இலக்கணம் என்று கொண்டாடப்பட்ட அந்த மீசையும் நெஞ்சும் நடையும், பெண்ணாக நடிக்கப் பயின்ற ஒரு உடலிலிருந்து வந்தவை. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. கட்டபொம்மனின் ஆண்மையும் சீதையின் பெண்மையைப்போலக் கற்றுக்கொண்டு செய்யப்பட்டதுதான். புருவம் எந்த அளவுக்கு ஏறவேண்டும், கன்னத்துத் தசை எப்போது துடிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய ஆண்மை அது. சிவாஜிக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவரால் அடுத்த படத்திலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டு உடைந்து அழும் ஆணாக நிற்க முடிந்தது. மேடையில் காகித மீசை ஒட்டி நின்ற பையன்களுக்கு மட்டும் அது பிறவிக் குணம் என்று சொல்லிக்கொடுத்தோம்.

மிகைநடிப்பு என்ற பழைய குற்றச்சாட்டையும் இங்கிருந்தே பார்க்கலாம். தெருக்கூத்தின் வழி வந்த நடிப்பை நாற்காலி நாடகத்தின் அளவுகோலால் அளக்கக்கூடாது என்று அதற்குப் பதில் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பதில் சரியே. இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு ஆண் கண் சிவக்க, குரல் நடுங்க, உடலே குலுங்கப் பேசினால் அதை வீரம் என்கிறோம். ஒரு பெண் அதே அளவு குலுங்கினால் ஒப்பாரி என்கிறோம். 'அழுவாச்சிப் படம்' என்ற ஏளனச் சொல் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்த படங்களுக்கே உரியது. விசிலடித்தவன் ரசிகன், முந்தானையால் கண்ணைத் துடைத்தவள் அழுமூஞ்சி. மிகை இரண்டிலும் உண்டு. மரியாதை ஒன்றுக்குத்தான்.

*

தட்டிக்கு இந்தப்பக்கம் இருந்த பெண்கள் எதற்கு அழுதார்கள்? அம்மாச்சியைக் கேட்டபோது அவர் கட்டபொம்மனின் தூக்கைச் சொல்லவில்லை. "பத்மினி போவாத போவாதன்னு கெஞ்சுமே, அதுக்குத்தான் கொட்டாயே அழுதுச்சு" என்றார். வெள்ளையத்தேவனின் மனைவி வெள்ளையம்மாள் கெட்ட கனவு கண்டு, போருக்குப் புறப்படும் கணவனைத் தடுத்துப் பாடும் இடம். ஜெமினி கணேசன் கேட்கமாட்டார். போவார். திரும்பமாட்டார்.

அம்மாச்சிக்கு அந்த வசனம் முழுதாகத் தெரியாது. இந்தப் பாட்டு முழுதாகத் தெரியும். நடவு வயலில் பாடியிருக்கிறார்கள். எங்கள் தெருவின் வேறு பெண்களிடமும் இதையே கேட்டேன். ஆண்களுக்கு ஜாக்சனும், பெண்களுக்கு வெள்ளையம்மாளும் நினைவில் நிற்கிறார்கள். இதைப் பெண்கள் மென்மையானவர்கள் என்று படித்தால் தவறிவிடுவோம். வெள்ளையம்மாள் சொல்வது ஒரு கணிப்பு. அது பலிக்கிறது. படத்தில் எதிர்காலத்தைச் சரியாகச் சொன்னவள் அவள்தான். அவளிடம் இருந்த அறிவைக் கனவு, சகுனம், மனைவியின் பயம் என்று கதை எழுதிவைத்தது. வீரன் அதைத் தள்ளிவிட்டுப் போவதே வீரத்துக்கு அடையாளம் ஆயிற்று. கொட்டகையின் பெண்கள் அதை அப்படிக் கேட்கவில்லை. குடிக்காதே, கடன் வாங்காதே, அந்த வண்டியில் போகாதே, அந்தச் சண்டைக்குப் போகாதே என்று சொல்லிச் சொல்லி, கேட்கப்படாமல், பிறகு பின்விளைவை மட்டும் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய அழுகையில் 'நான்தான் சொன்னேனே' என்ற சொல்லும் இருந்தது.

*

இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வது, வேலுநாச்சியாரைப் படமாக எடுங்கள் என்பது. கட்டபொம்மனுக்கு முன்பே, 1780இல் சிவகங்கையை மீட்டவர் அவர். எடுக்கட்டும். நானும் முதல் காட்சிக்குப் போவேன். ஆனால் ராணி பேசினாலும் நாற்று நட்டாயா என்ற கேள்வி ராணியின் கையிலும் இரவலாகத்தான் இருக்கும். அரசனின் இடத்தில் அரசியை நிறுத்துவதோடு அம்மாச்சியின் சிரிப்பு அடங்காது.

அந்தக் கேள்வியை அதற்கு உரியவர்கள் கேட்டபோது என்ன நடந்தது என்பது எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். படம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுத்தவர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டிருந்தார்கள். நாற்று நட்டது யார், விளைச்சலில் பங்கு யாருக்கு என்ற அதே நியாயம். கேட்டவர்களுக்குக் கிரீடமும் உடைவாளும் இல்லை. திரையில் அந்த நியாயத்துக்குக் கைதட்டிய தமிழ்நாட்டில், வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் விடுதலையானார்கள்.

நிலத்தின் கதையும் இப்படித்தான். மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் எத்தனை வீடுகளில் மகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீர்வரிசைத் தட்டோடு திரும்புகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். பங்கு கேட்டவளை, அண்ணன் தம்பியிடம் கேட்கிறாயே, வெட்கமில்லையா என்பார்கள். கட்டபொம்மன் துரையைக் கேட்ட கேள்வியை அந்தத் தங்கை அண்ணனிடம் திருப்பிக் கேட்கலாம். நாற்று நட்டது நான்தானே? களை பறித்தது நான்தானே? அதற்கு எந்த ஊரிலும் விசில் பறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு அந்த வசனம் இன்னும் பிடிக்கும். இதை எழுதும்போதும் இரண்டுமுறை போட்டுப் பார்த்தேன். இரண்டுமுறையும் முதுகுத்தண்டில் ஏதோ ஏறியது. உழைக்காதவன் எந்த உரிமையில் பங்கு கேட்கிறான் என்ற கேள்வியை ஒரு நடிகர் மூன்று தலைமுறையின் நாவில் ஏற்றியிருக்கிறார் என்றால் அது சிறிய காரியமா? அந்தக் கேள்வி அதை எழுதியவரையும் பேசியவரையும் விடப் பெரியது. அதைத் தூக்கி எறிய நான் சொல்லவில்லை. இன்னும் சிலரிடம் அது கேட்கப்படவேண்டியிருக்கிறது என்கிறேன். கட்டபொம்மனிடமும் சேர்த்து.

அன்றைக்கு வகுப்பு முடியும்போது மாணவர்களிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். வசனத்தில் வரும் வேலைகளை வரிசையாக எழுதி, எதிரே உங்கள் வீட்டில் அல்லது ஊரில் அதை யார் செய்தார்கள், இப்போது யார் செய்கிறார்கள் என்று எழுதுங்கள் என்றேன். ஏற்றத்துக்கு எதிரே பெரும்பாலோர் கோடு போட்டிருந்தார்கள், பலருக்கு ஏற்றம் என்னவென்றே தெரியவில்லை. நடவு, களை என்ற இடங்களில் அம்மா, பாட்டி, பெரியம்மா. மீசை முறுக்கிய பையனும் 'அம்மா' என்று எழுதியிருந்தான். பக்கத்தில் அடித்து, மறுபடி எழுதியிருந்தான்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் தாளில் நடவுக்கு எதிரே இப்படி இருந்தது: "முன்னாடி அம்மா. இப்ப மெஷின் நடுது. மெஷின் ஓட்டறது அண்ணன். அதுக்கு அண்ணனுக்குச் சம்பளம் கூட. அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க."

மஞ்சளுக்கு எதிரே அவள் எழுதியிருந்தது: "கடையில் பாக்கெட்."